மோட்லராய்ட்: ஓர் ஓடையும் அதன் இரு கரைகளும்

ஜெர்மனியில் பவேரியா மாநிலமும் துரிங்கியா மாநிலமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மோட்லராய்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மொத்தமே ஏறத்தாழ ஐம்பது பேர். ஊர் நடுவே டான்பாக் என்ற ஓடை ஓடுகிறது. பேர்தான் ஓடை, கால் நீளமுள்ளவர் ஓர் எட்டில் தாண்டிவிடலாம். இந்தத் தண்ணீர்க் கோடுதான் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எல்லை. முதலில் இரண்டு அரசுகளுக்கு, பிறகு இரண்டு மாநிலங்களுக்கு, அதன்பின் நாற்பது ஆண்டு இரண்டு நாடுகளுக்கு, இப்போது மறுபடி இரண்டு மாநிலங்களுக்கு. கோடு ஒரு முறைகூட இடம் மாறவில்லை. அந்தக் கோடு ஊருக்கு என்ன செய்தது என்பது மட்டும் ஒவ்வொரு காலத்திலும் மாறிக்கொண்டே வந்தது. பெர்லின் சுவரைப் பற்றித் தமிழில் நிறையப் படித்திருப்போம். இந்தக் கிராமத்தைத் தெரிந்துகொண்டால், ஒரு நாட்டின் பிரிவினை ஒரு மாட்டுக்கொட்டகை அளவில் எப்படி இருந்தது என்பது பிடிபடும்.

முதலில் நிலம். பவேரியாவின் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்ற நகரம் இருக்கிறது. அதற்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் மோட்லராய்ட். இந்த வட்டாரத்துக்கு ஃபோக்ட்லாண்ட் என்று பெயர். பெரிய மலைகள் இல்லை. அலையலையாக ஏறி இறங்கும் மேட்டுநிலம், மேடுகளில் ஊசியிலைக் காடு, சரிவுகளில் வயலும் மேய்ச்சல் புல்வெளியும். குளிர் கடுமையானது. ஹோஃப் பக்கத்தை 'பவேரிய சைபீரியா' என்று அந்நாட்டுக்காரர்களே சொல்வார்கள். டான்பாக் ஓடை கொஞ்ச தூரம் போய் ஸாலே ஆற்றில் கலக்கிறது. ஸாலே வடக்கே ஓடி எல்பே ஆற்றில் சேர்கிறது. பவேரியா, துரிங்கியா, சாக்சனி ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் முச்சந்திக் கல்லும் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது.

ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதியான 'ராய்ட்' அந்த வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும். காட்டை வெட்டி, வேரைப் பெயர்த்து, திருத்திய நிலம் என்று பொருள். பைராய்ட் நகரத்தின் பெயரிலும் அதே சொல்தான். இடைக்காலத்தில் காடு திருத்திக் குடியேறியவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்கள் இவை. தண்ணீர் கிடைக்கும் பள்ளத்தில் இரு கரையிலும் வீடு கட்டிக்கொள்வது அப்படிக் குடியேறியவர்களுக்கு இயல்பு. அதே ஓடையை எல்லையாக வைத்துக்கொள்வது அரசர்களுக்கு இயல்பு. பிரச்சினை அங்கேதான் விதைக்கப்பட்டது.

மோட்லராய்ட் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பிரிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஓடையின் மேற்குக் கரை பைராய்ட் சிற்றரசின் நிலம். அந்தச் சிற்றரசு 1790களின் தொடக்கத்தில் பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1806இல் நெப்போலியன் பிடித்துக்கொண்டார். 1810இல் பவேரிய அரசு அதை 1.5 கோடி ஃபிராங்க் கொடுத்து அவரிடமிருந்து வாங்கியது. கிழக்குக் கரை ராய்ஸ் என்ற குட்டி அரச வம்சத்துக்கு உரியது. புதுச் சொத்து வாங்கியவர் வேலிக்கல் நடுவது எங்கும் உள்ள வழக்கம்தானே? 1810இல் ஓடையோரம் எல்லைக்கற்கள் நடப்பட்டன. ஒரு முகத்தில் பவேரிய அரசைக் குறிக்கும் 'கே பி', மறு முகத்தில் ராய்ஸ் அரசைக் குறிக்கும் 'எஃப் ஆர்', கூடவே 1810 என்ற ஆண்டு.

அந்தக் கற்கள் அன்றாட வாழ்க்கையைத் தடுக்கவில்லை. வரி கட்டும் கஜானா வேறு, வழக்குக்குப் போகும் ஊர் வேறு, அவ்வளவுதான். முதல் உலகப் போர் முடிந்து மன்னர்கள் போன பிறகு ராய்ஸ் நிலம் 1920இல் புதிதாக உருவான துரிங்கியா மாநிலத்தில் சேர்ந்தது; கோடு அப்படியே மாநில எல்லையாயிற்று. பள்ளிக்கூடமும் மதுக்கடையும் துரிங்கியக் கரையில் இருந்தன. ஊருக்குள் தேவாலயம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊரே பவேரியப் பக்கமுள்ள டோப்பனுக்கு வழிபாட்டுக்குப் போகும். இந்தக் கரையில் பெண் எடுப்பார்கள், அந்தக் கரையில் நிலம் வைத்திருப்பார்கள். பின்னால் வந்த துயரத்தின் அளவு விளங்க வேண்டுமானால் இந்தச் சாதாரண விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓடையைத் தாண்டுவது இந்த ஊரில் வாசற்படியைத் தாண்டுவது போலத்தான் இருந்தது.

1944 செப்டம்பரில் லண்டனில் நேச நாடுகள் ஜெர்மனியை எப்படிப் பங்கிட்டு நிர்வகிப்பது என்று ஒப்பந்தம் போட்டன. புதிதாகக் கோடு வரைய நேரமில்லை. இருக்கிற மாநில எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் 1810இன் கல் 1945இன் உலக அரசியலுக்குள் நுழைந்தது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை இந்தப் பக்கம் வந்தது. ஜூலைத் தொடக்கத்தில் ஒப்பந்தப்படி துரிங்கியாவை விட்டுப் பின்வாங்கியது, சோவியத் படை உள்ளே வந்தது. பவேரியா அமெரிக்க மண்டலம், துரிங்கியா சோவியத் மண்டலம். 1949இல் இரண்டு மண்டலங்களிலும் இரண்டு நாடுகள் பிறந்தபோது, மோட்லராய்டின் மேற்குக் கரை மேற்கு ஜெர்மனியிலும் கிழக்குக் கரை கிழக்கு ஜெர்மனியிலும் இருந்தன. அதன் பிறகும் 1952 வரைக்கும் அனுமதிச்சீட்டைக் காட்டிவிட்டு ஓடையைத் தாண்டிப் போய்வர முடிந்தது.

அடைப்பு விழுந்தது 1952 மே 26இல். அன்று கிழக்கு ஜெர்மன் அரசு தன் மேற்கு எல்லை முழுவதற்கும் ஓர் ஆணை பிறப்பித்தது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு உழுது வைத்த வெற்று மண். அதை அடுத்து 500 மீட்டருக்குப் பாதுகாப்புப் பட்டை. மொத்தம் 5 கிலோமீட்டர் ஆழத்துக்குத் தடைப்பகுதி. பக்கத்து நகரத்தில் இருக்கும் சொந்த அண்ணன் வருவதாக இருந்தாலும் காவல் துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். பகுதிவாசிகளின் அடையாள அட்டையில் தனி முத்திரை. 500 மீட்டர் பட்டைக்குள் வயல்வேலை சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான். பொதுக்கூட்டம், விசேஷம் எதுவானாலும் இரவு 10 மணிக்குள் முடித்துவிட வேண்டும். கிழக்கு மோட்லராய்ட் ஓடைக்கரையிலேயே இருந்ததால், முழு ஊரும் அந்த 500 மீட்டருக்குள் விழுந்துவிட்டது.

அடுத்த சில நாட்களில் ஆட்களை அகற்றும் வேலை தொடங்கியது. நம்பத்தகாதவர்கள் என்று கருதப்பட்ட குடும்பங்களுக்குச் சில மணி நேர அவகாசம் கொடுத்து, கையில் எடுத்த சாமான்களோடு உள்நாட்டின் வேறு இடங்களுக்கு ஏற்றிப் போனார்கள். அந்த நடவடிக்கைக்கு அதிகாரிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் 'புழுப்பூச்சி'. மனிதர்களை வீட்டிலிருந்து பிடுங்கி எறியும் வேலைக்கு இப்படி ஒரு பெயர் வைத்ததை எத்தனை முறை படித்தாலும் மனது ஆறாது. 1961இல் இரண்டாவது முறையும் இது நடந்தது. கிழக்கு ஜெர்மன் எல்லை நெடுக, இரு முறையும் சேர்த்து 11,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள்.

மோட்லராய்டில் தடுப்பு படிப்படியாக வளர்ந்தது. 1952இல் ஆள் உயரப் பலகை வேலி. பிறகு முள்கம்பி. 1966இல் ஓடையின் கிழக்குப் பக்கமாக 700 மீட்டர் நீளத்துக்கு, மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான கான்கிரீட் சுவர். திறந்த வெளியில் கம்பி வேலி போதும் என்று விட்டவர்கள் இங்கே ஏன் சுவர் எழுப்பினார்கள்? வீடுகள் அவ்வளவு நெருக்கம். கம்பி வேலி காலைத் தடுக்கும், கண்ணைத் தடுக்காது. எதிர்க்கரையில் நிற்பவர் முகம் தெரியும், குரல் கேட்கும், கையசைக்கத் தோன்றும். மேற்கே நிற்பவருக்குக் கையசைப்பதும் பதில் வணக்கம் சொல்வதும் கிழக்குப் பக்கத்தாருக்குத் தடை. மேற்குக் கரையில் இருப்பவர் கூப்பிட்டுப் பார்ப்பார், கையாட்டுவார். கிழக்கில் நிற்பவர் கேளாதவர் போலத் திரும்பிக்கொண்டு போக வேண்டும். அமெரிக்கப் படையினர் இந்த ஊருக்கு 'குட்டி பெர்லின்' என்று பெயர் வைத்ததும் இந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

சுவர்தான் எல்லை என்று நினைப்பது அடுத்த பொதுவான பிழை. சுவர் நின்றது கிழக்கு ஜெர்மன் மண்ணில், எல்லைக்கோட்டுக்கு உள்ளே தள்ளி. சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் இருந்தது. அதுவும் கிழக்கின் மண்தான். மேற்கிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர் தடுப்பு எதுவும் இல்லையே என்று நாலடி கூடுதலாக வைத்தால் சட்டப்படி வேறு நாட்டுக்குள் நுழைந்தவராகிவிடுவார். அதனால்தான் மேற்குப் பக்கம் 'நில், இங்கே எல்லை' என்ற எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. கோட்டை ஒட்டிக் கிழக்குத் தரப்பு நட்ட கறுப்பு, சிவப்பு, பொன் நிறத் தூண்கள் கூடச் சரியாகக் கோட்டின் மேல் இல்லை; சற்றே உள்ளே நின்றன. அசல் கோட்டைக் காட்டியவை பழைய எல்லைக்கற்கள்தான்.

இப்போது தடுப்பின் முழு அமைப்பையும் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து பார்ப்போம். 1970, 80களில் எல்லை நெடுக ஏறத்தாழ இந்த வரிசைதான். முதலில் உள்ளே தள்ளி ஒரு சமிக்ஞை வேலி: குறைந்த மின்னழுத்தம் ஓடும் கம்பிகள், தொட்டாலோ வெட்டினாலோ காவல் நிலையத்தில் மணி அடிக்கும். ஆளைக் கொல்லாது, காட்டிக்கொடுக்கும். அதன் வாயில் வழியாகத்தான் கிழக்கு மோட்லராய்ட்காரர் தன் சொந்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் சமிக்ஞை வேலி, மறுபக்கம் சுவர், நடுவே ஊர்.

அடுத்தது ரோந்துப் பாதை. துளைகள் கொண்ட கான்கிரீட் பலகைகளை இரண்டு சக்கரத் தடமாக வரிசையாகப் பதித்திருப்பார்கள். சேற்றிலும் பனியிலும் ராணுவ வண்டி சிக்காமல் ஓட அது தேவைப்பட்டது. இன்றும் பல இடங்களில் அந்தப் பலகைகள் அப்படியே கிடக்கின்றன, துளைகளில் புல் முளைத்திருக்கிறது. நடந்து பார்க்கப் போகிறவர்கள் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலணி போட்டுக்கொள்ளுங்கள். புல் மூடிய துளையில் குதிகால் இறங்கினால் சுளுக்கு நிச்சயம். சைக்கிளில் போனால் உடம்பு முழுக்க அதிரும்.

பாதையை ஒட்டி 6 மீட்டர் அகலத்துக்கு உழுது சமன்படுத்திய மண். விதை போட உழுதது அல்ல, காலடி பதிய உழுதது. களை முளைத்தால் தடம் மறையும் என்பதால் களைக்கொல்லி அடித்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கடுத்து வாகனத் தடுப்புப் பள்ளம். மொத்த அமைப்பிலும் மிகத் தெளிவாகப் பேசுகிற சாட்சி இந்தப் பள்ளம்தான் என்பேன். கிழக்கிலிருந்து வரும் பக்கம் சரிவாக இறங்கும். மேற்குப் பக்கம் செங்குத்தாக நிற்கும், கான்கிரீட் பலகைகள் சாத்தியிருக்கும். கிழக்கிலிருந்து ஒரு லாரி வேகமாக வந்தால் சரிவில் இறங்கி எதிர்ச்சுவரில் மோதி நிற்கும். மேற்கிலிருந்து வரும் பீரங்கி வண்டியைத் தடுக்க வேண்டுமானால் பள்ளத்தை நேர் எதிராக வெட்டியிருப்பார்கள். வெளிப் பகைவரைத் தடுக்கும் அரண் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. யாரைத் தடுத்தார்கள் என்பதை மண்ணே காட்டிவிடுகிறது.

கடைசித் தடுப்பு, ஊருக்குள் சுவர்; ஊருக்கு வெளியே ஏறத்தாழ 3.2 மீட்டர் உயர உலோக வலை வேலி. தகட்டைக் கீறி இழுத்துச் செய்த வலை அது. கண்ணிகள் சிறியவை, விளிம்பு கூரானது. விரல் நுழைத்து ஏற முடியாது. எல்லையின் பல பகுதிகளில் கண்ணிவெடிகளும், 1970களின் தொடக்கத்திலிருந்து வேலியில் பொருத்திய தானியங்கித் துப்பாக்கிப் பொறிகளும் இருந்தன. அந்தப் பொறிகள் 1983, 84இல் கழற்றப்பட்டன. காவல் கோபுரங்களில் இரண்டு வகை அடிக்கடி கண்ணில் படும். ஒல்லியான வட்டக் கோபுரம் 11 மீட்டர், காற்றடித்தால் ஆடும். அதன் குறையைப் பார்த்துப் பின்னால் வந்தது சதுரக் கோபுரம், 9 மீட்டர்.

இவ்வளவையும் மீறி மோட்லராய்டில் ஒருவர் தப்பினார். 1973 மே 25இல் ஒரு வண்டியைச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தி, ஏணி வைத்து ஏறி, மறுபக்கம் குதித்து மேற்கே போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் இரு நாடுகளுக்கும் இடையே உறவு சற்று இளகி, எல்லையோர மேற்கு மாவட்டத்தார் கிழக்குக்கு ஒருநாள் பயணம் போக வழி பிறந்தது. மேற்கு மோட்லராய்ட்காரர் எல்லைச் சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு கிழக்கு ஜெர்மனிக்குள் போகலாம். ஆனால் எதிர்வீட்டுக்குப் போக முடியாது, அது தடைப்பகுதி. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தத்தைப் பார்க்க, இருவரும் கிளம்பி வேறோர் ஊரில் சந்திக்க வேண்டும். 1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் மேற்குக் கரையில் வந்து நின்று பார்த்தார். உலகம் முழுவதும் படங்களில் அந்தச் சுவரைப் பார்த்தது. கிழக்குக் கரையில் இருந்தவர்களுக்கு அதை நெருங்கவே அனுமதி இல்லை.

1989 நவம்பர் 9இல் பெர்லினில் சுவர் திறந்தது. மோட்லராய்டுக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. டிசம்பர் 9இல்தான் நடந்து போவதற்கு மட்டும் ஒரு வழி திறந்தார்கள். 1952க்குப் பிறகு முதல் முறையாக ஊர்க்காரர்கள் ஊருக்குள்ளேயே எதிர்க்கரைக்கு நடந்தார்கள். 1990 ஜூன் 17இல் மண்வாரி இயந்திரம் வந்து சுவரின் பெரும்பகுதியை இடித்தது. அதே நாளில் 1953இல் கிழக்கு ஜெர்மன் தொழிலாளர்கள் எழுந்து நின்றார்கள், சோவியத் பீரங்கிகள் அவர்களை நசுக்கின. முழுவதையும் இடித்துத் தள்ளாமல் ஏறத்தாழ 100 மீட்டரை நிறுத்தி வைத்தார்கள். அதைச் சுற்றித்தான் இன்றைய அருங்காட்சியகம். வேதனை நிறைந்த ஒரு சுவரைக் காப்பாற்றி வைக்க அன்றே முடிவெடுத்தது பெரிய காரியம். பிற இடங்களில் எல்லாவற்றையும் துடைத்து எறிந்துவிட்டு, பிறகு காட்ட ஒன்றுமில்லாமல் நின்றார்கள்.

போகிறவர்களுக்கு: காரில் போனால் ஏ72 நெடுஞ்சாலையில் 'ஹோஃப்/டோப்பன்' வெளிவழி வசதி. ரயிலில் போனால் ஹோஃபில் இறங்கிக்கொண்டு அங்கிருந்து வண்டி பார்ப்பது நல்லது. வழிகாட்டிச் செயலியில் ஊர்ப் பெயரை மட்டும் போடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு 95183 டோப்பன் என்று அஞ்சல் எண்ணோடு போடுங்கள். அங்கே திறந்தவெளிப் பகுதியில் இரண்டு விதப் பொருட்கள் இருக்கின்றன. சுவரின் எஞ்சிய துண்டு அசல், அதே இடத்தில் நிற்பது. வேலி, பள்ளம், பாதை எல்லாம் வரிசையாகத் தெரிகிற அமைப்பு, பார்வையாளருக்கு விளங்குவதற்காகச் சேர்த்துக் கட்டியது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். அது முடிந்ததும் மேட்டுக்கு ஏறி ஊரை முழுதாக ஒரு முறை பாருங்கள். காவலர்கள் எதைப் பார்க்க அந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

இன்று ஊர் ஒன்றாகிவிட்டதா? வாழ்க்கையில் ஆமாம், காகிதத்தில் இல்லை. மேற்குக் கரை பவேரியாவின் டோப்பன் ஊராட்சிக்குச் சேர்ந்தது, கிழக்குக் கரை துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சிக்கு. மேற்கே அஞ்சல் எண் 95183, கிழக்கே 07926. தொலைபேசிக் குறியீடு மேற்கே 09295, கிழக்கே 036649. வண்டிப் பலகையில் மேற்கே 'எச் ஓ', கிழக்கே 'எஸ் ஓ கே'. மேற்கே 'க்ரூஸ் கோட்' என்று வணக்கம் சொல்வார்கள், கிழக்கே 'கூட்டன் டாக்'. அக்டோபர் 31, சீர்திருத்த நாள், கிழக்குக் கரைக்கு விடுமுறை. மறுநாள் நவம்பர் 1, புனிதர் அனைவர் நாள், மேற்குக் கரைக்கு விடுமுறை. ஒரு கரையில் கதவு சாத்தியிருக்கும், மறுகரையில் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்புவார்கள். பள்ளிக் கோடை விடுமுறையும் இரு மாநிலங்களிலும் ஒரே நேரத்தில் வராது. ஊரை ஒரே மாநிலத்தில் சேர்க்க வேண்டுமானால் இரு மாநிலங்களும் தனியாக ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது.

நிலத்திலும் கோடு அழியவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து பாருங்கள். கிழக்கே வயல்கள் பரந்து விரிந்தவை; 1960க்குள் தனியார் நிலங்களைக் கூட்டுப்பண்ணையில் சேர்த்து, வரப்பெல்லாம் அழித்த காலத்தின் மிச்சம். மேற்கே துண்டு துண்டான சிறு வயல்கள். இரண்டுக்கும் நடுவே, பல இடங்களில் 50 முதல் 200 மீட்டர் அகலத்தில், புதரும் உயரப் புல்லுமாக ஒரு பட்டை ஓடுகிறது. 1989 டிசம்பர் 9இல், மோட்லராய்டில் வழி திறந்த அதே நாளில், பக்கத்து ஹோஃபில் இரு ஜெர்மனிகளையும் சேர்ந்த இயற்கை ஆர்வலர்கள் ஏறத்தாழ 400 பேர் கூடி, இந்தப் பட்டையை உழுது அழிக்கவிடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். 'பசுமைப் பட்டை' என்ற பெயர் அங்கே பிறந்தது. பழைய எல்லை நெடுக 1,393 கிலோமீட்டர் ஓடும் பட்டை அது.

அதில் வாழும் உயிர்களில் பிரவுன்கேல்ஷென் என்ற சிறு பறவை உண்டு. தரையில், உயரப் புல்லுக்குள் கூடு கட்டும். கம்பத்திலோ உயர்ந்த தண்டிலோ உட்கார்ந்து பூச்சி பார்க்கும். பட்டைக்கு வெளியே உள்ள புல்வெளிகளைச் சீக்கிரமே அறுத்துவிடுவதால் குஞ்சுகள் பிழைப்பதில்லை. எல்லைப் பட்டையில் அறுப்பு கிடையாது, உட்கார எல்லைக் கம்பங்களும் இருந்தன. இப்போது ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது: பட்டையைச் சும்மா விட்டால் மரம் மண்டிக் காடாகிவிடும், அறுத்தால் கூடு போகும். அதனால் குஞ்சு பறந்த பிறகு, கோடையின் பிற்பகுதியில், துண்டு துண்டாக அறுக்கிறார்கள், ஆடு விட்டு மேய்க்கிறார்கள். கீழே டான்பாக்கின் கரையில் 'கே பி', 'எஃப் ஆர்' எழுத்துக்களோடு 1810இன் கற்கள் இருக்கின்றன, அவை காட்டும் எல்லை இன்றும் சட்டப்படி செல்லும்.